அபாயத்துக்கு இரண்டு மதிப்பெண் குறைவு

நடந்தது ஆனி மாதம் இருபத்தோராம் நாள், பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். காற்று பலமாக வீசும் பருவம். முந்தானையை ஒரு கையிலும் கோப்பை மறு கையிலும் பிடித்துக்கொண்டுதான் உயர் பாதுகாப்புத் தொகுதிக்குள் நுழைந்தேன். நேரத்தை எப்படி இவ்வளவு திட்டமாகச் சொல்கிறேன் என்று நீங்கள் வியக்க வேண்டாம். சிறைக்குள் யார் சென்றாலும் பதிவேட்டில் நேரம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். நான் எழுதியதை நான் மறப்பதில்லை.

கண்ணைத் திறக்காதீர்கள். மருந்து விட்டால் நாற்பது நிமிடம் மூடியிருக்க வேண்டும் என்று செவிலியர் சொன்னாரல்லவா? என் கண்ணிலும் அதே மருந்துதான். செய்தித்தாளும் படிக்க முடியாது, சுவரில் எழுதியிருப்பதையும் படிக்க முடியாது, பேசலாம். ஓய்வு பெற்ற பின் என்ன செய்தீர்கள் என்று நீங்கள்தாமே கேட்டீர்கள்? அதற்குத்தான் விடை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் தையல்நாயகி. முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு மகளிர் கல்லூரியில் கணிதம் கற்பித்தேன். ஓய்வு பெற்ற மறு ஆண்டு, எங்கள் ஊர்ச் சிறைக்கு என்னை அலுவல்சாரா பார்வையாளராக நியமித்தார்கள். பெயர்தான் நீளம். சிறைத்துறையைச் சேராத ஒருவர் மாதந்தோறும் உள்ளே போய்ப் பார்த்து, பார்த்ததை எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஊதியம் கிடையாது. தேநீர் உண்டு, சர்க்கரை அதிகம்.

அப்போது கண்காணிப்பாளராக இருந்தவர் திரு. வேதமாணிக்கம். நல்ல மனிதர், ஆனால் எதையும் குத்துமதிப்பாகச் செய்பவர். இரண்டாவது மாதமே என்னிடம் சொன்னார்: “மேடம், எவன் அபாயமானவன், எவன் இல்லேன்னு நாங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் முடிவு பண்றோம். மீசை பெருசா இருந்தா ஹை செக்யூரிட்டி. நீங்க கணக்கு புரொபசர். ஒரு அட்டவணை போட்டுத் தாங்களேன்.”

போட்டுத் தந்தேன். பதினோரு நாட்கள் உழைத்தேன். குற்றத்தின் தன்மைக்கு இத்தனை, தண்டனைக் காலத்துக்கு இத்தனை, தப்பியோட முயன்றிருந்தால் முப்பது, குடும்பப் பிணைப்பு பலவீனமாக இருந்தால் பத்து, மனக்கிளர்ச்சிக்கு ஐந்து, அதிகாரியை ஏசினால் ஐந்து, கொலை மிரட்டலுக்குப் பத்து. மொத்தம் நூறு. ஐம்பதும் அதற்கு மேலும் பெற்றவர் அபாயமானவர். உயர் பாதுகாப்புத் தொகுதியில் தனி அறை. ஐம்பதுக்குக் கீழே இருப்பவர் பொதுத் தொகுதியில் நாற்பது பேரோடு நாற்பத்தோராவது ஆளாகப் படுத்துக்கொள்ளலாம். எளிய, நேர்மையான அட்டவணை. யாருடைய மீசையும் அதில் இடம்பெறவில்லை.

ஒரே ஒரு சிக்கல் நேர்ந்தது. மதிப்பெண் என்றதும் உள்ளே இருந்தவர்கள் அதைப் பள்ளிக்கூட மதிப்பெண் என்று எடுத்துக்கொண்டார்கள். பேருந்தில் பை அறுக்கும் ஜோதிலிங்கம் என்று ஒருவர். இருபத்திரண்டு மதிப்பெண் என்றதும் முகம் வாடிவிட்டது. “பெயிலாம்மா நான்?” என்றார். மறுநாளே வந்து, தாம் மூன்று முறை தப்பியோடியவர் என்றும், ஒரு முறை காவல் ஆய்வாளரைக் கடித்தவர் என்றும் எழுதிக்கொள்ளச் சொன்னார். “ஆதாரம்?” என்றேன். “ஆதாரம் இருந்தா அப்பவே கேஸ் போட்டிருப்பாங்களே” என்றார். அரை மதிப்பெண்கூடக் கூட்டவில்லை. கல்லூரியிலும் நான் கூட்டியதில்லை. தேர்வுத் தாளைப் பிடித்துக்கொண்டு அழுத மாணவியர் இருக்கிறார்கள். அழுதால் கைக்குட்டை கொடுப்பேன், மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.

சரி, பதினான்காம் அறையில் இருந்த குருவையாவிடம் வருகிறேன்.

அந்த ஆனி மாதப் பிற்பகலில் தலைமைக் காவலர் பால்துரைதான் சாவிக்கொத்தோடு என்னை உள்ளே அழைத்துச் சென்றார். பதினெட்டு அறைகள். பதினான்காம் அறையை நெருங்கியதும் அவர் நடை தளர்ந்தது.

“அம்மா, இவன ஒரு அரை மணி கழிச்சுப் பாக்கலாமே.”

“ஏன், உறங்குகிறாரா?”

“இல்ல. இந்த நேரம் மட்டும் அவன் யாருகிட்டயும் பேச மாட்டான். நாலே கால் ஆயிட்டா சரியாயிருவான்.”

“என் அட்டவணைப்படி மூன்று நாற்பதுக்குப் பதினான்காம் அறை. கதவைத் திறவுங்கள், பால்துரை.”

உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர். எங்களுக்கு முதுகைக் காட்டி, பின்சுவரை ஒட்டி, நெற்றி படும்படி நின்றிருந்தார். அந்தச் சுவருக்கு அப்பால் பெண்கள் சிறை. அவர்களுடைய துவைகற்கள் அங்கேதான். மருத்துவமனைப் போர்வைகளைப் பிற்பகலில் அடித்துத் துவைப்பார்கள். தொப், தொப், தொப் என்று ஓயாத ஓசை. மூன்று அடி, ஓர் இடைவெளி, இரண்டு அடி; பிறகு மறுபடி மூன்று. இந்த மனிதரோ அலுமினியத் தட்டைச் சுவரில் சாய்த்து, விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, ஒரு தட்டு. நாங்கள் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. மனக்கிளர்ச்சி என்று எழுதி ஐந்து மதிப்பெண் இட்டேன்.

கோப்பைப் பார்த்தேன். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரர். கிணற்றுத் தண்ணீர் முறைக்காகப் பங்காளியோடு கைகலப்பு, பங்காளி இறந்துவிட்டார். குருவையாவுக்கும் அவர் மனைவி சீனியம்மாளுக்கும் ஒரே நாளில் ஒரே தீர்ப்பு, பத்து ஆண்டு. அதில் ஆறு கழிந்திருந்தது. இதில் உயர் பாதுகாப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ‘தப்பியோடியவர்’ என்று சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்.

அதன் பின்னணியை நீங்கள் கேட்க வேண்டும். மேல்முறையீட்டுக்காக அவரை நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்று திரும்பும்போது, வழிக்காவலுக்கு வந்த இருவரும் ஒரு பேருந்து நிலையத்தில் புரோட்டா சாப்பிட இறங்கியிருக்கிறார்கள். இவர் சிறுநீர் கழிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் பேருந்தும் இல்லை, காவலரும் இல்லை. ஏறிவிட்டார் என்று நினைத்துப் போய்விட்டார்கள். இவர் என்ன செய்தார்? கைவிலங்கைத் துண்டால் மூடிக்கொண்டு பதினேழு கிலோமீட்டர் நடந்து, பொழுது சாயும்போது சிறை வாசலுக்கு வந்து கதவைத் தட்டினார். வாயிற்காவலர் எட்டிப் பார்த்து, “வாரண்டு இருக்கா? காகிதம் இல்லாம எவனையும் உள்ள விட முடியாது, போ போ” என்று சொல்லிவிட்டார். வாசல் புளியமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தவரைக் காலையில் ‘பிடித்தார்கள்’. வழிக்காவலர் தங்கள் தலை தப்ப, தப்பியோடியவர் என்று எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து பதினான்காம் அறை.

என் இரத்தம் கொதித்தது. அநீதி என்பதற்காக மட்டும் அன்று. கணக்குத் தவறு என்பதற்காக. தாமாகத் திரும்பி வந்தவருக்கு முப்பது மதிப்பெண் எப்படி இட முடியும்? இருபதைக் கழிக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஐம்பத்தைந்து முப்பத்தைந்தாகிவிட்டது. இதில் குடும்பப் பிணைப்புக்கான பத்தும் அடங்கும். அதை எப்படி இட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிறையில் நேர்காணலை ‘மனு’ என்பார்கள். கணவனும் மனைவியும் சிறையிலிருந்தால் மாதம் ஒரு முறை மனு உண்டு. நான் ஒரு முறை அருகிலேயே அமர்ந்து கவனித்தேன். கம்பி வலைக்கு இப்பால் குருவையா, அப்பால் சீனியம்மாள். கருத்த, உயரமான பெண்மணி, கைகள் சோப்பில் வெளுத்துப் போயிருந்தன. முப்பது நிமிடம். இவர் “சாப்டியா?” என்றார். அவர் “ம்” என்றார். பிறகு அவர் “இருமல்?” என்றார். இவர் “தேவல” என்றார். நான்கே சொற்கள், எண்ணினேன். மீதி நேரம் முழுவதும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்ததும் சீனியம்மாளிடம் கேட்டேன், ஏனம்மா பேசுவதில்லை என்று. “எல்லாந்தான் பேசியாச்சே தாயி” என்றார், சிரித்துக்கொண்டே. உறவு வறண்டுவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பிணைப்பு பலவீனம், பத்து.

ஆக முப்பத்தைந்து. நானே நேரில் சென்று நற்செய்தியைச் சொன்னேன்.

“குருவையா, உங்களுக்கு இழைத்த தவறு திருத்தப்படுகிறது. அடுத்த மாதம் பொதுத் தொகுதிக்கு மாறலாம். நாள் முழுதும் வெளிக்காற்று, நெசவுக்கூடத்தில் வேலை, நாலு பேரோடு பேச்சு.”

மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. “தாயி, நான் யாருகிட்டயும் கேக்கலயே” என்றார்.

“நீதியை யாரும் கேட்டுப் பெற வேண்டியதில்லை.”

“நெசவுக்கூடம் மேக்க இருக்கு தாயி. தறிச் சத்தம் காதைப் பிளக்கும். நான் இங்கனயே கெடக்கேனே. நான் பொல்லாதவந்தான் தாயி. நம்புங்க.”

பால்துரை தொண்டையைச் செருமினார். “அம்மா, விஷயம் என்னன்னா, அந்தப் பக்கம் துவைகல்லுல...”

“பால்துரை, தறிச் சத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். துவைகல் பின்னர்.”

கேட்டதற்கு மட்டும் விடை சொல்லும் பழக்கம் பலருக்கு வருவதில்லை.

நீண்ட காலம் தனியறையில் இருப்பவர்களுக்குத் திறந்த வெளி என்றாலே அச்சம் வந்துவிடும். நான் படித்திருக்கிறேன். ஆகவே குருவையாவின் மறுப்பை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் அடுத்த ஒரு மாதம் அந்த மனிதர் என் அட்டவணையோடு போட்ட போட்டி இருக்கிறதே! ஆடி மூன்றாம் நாள் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தார். ஒழுங்கீனம், ஐந்து, நாற்பது ஆகிவிட்டது. எறிந்த தட்டைத் தாமே எடுத்துக் கழுவி, சிந்திய சோற்றைப் பொறுக்கிக் காக்கைக்கு வைத்தார் என்பது வேறு. ஆடி பதினொன்றில் துணைச் சிறை அலுவலரைப் பார்த்து, “வெங்கப் பயலே” என்றார். ஏசல், ஐந்து; நாற்பத்தைந்து. அந்த அலுவலரிடம் பிறகு கேட்டேன். “அவன் திட்டினான்னு எனக்கே தெரியலம்மா, ரொம்ப மெதுவாச் சொன்னான். பால்துரைதான் வந்து, ஐயா உங்களத் திட்டிட்டான், எழுதுங்க எழுதுங்கன்னு நின்னாரு” என்றார்.

ஆவணி முதல் திங்களன்று வகைப்பாட்டுக் குழு கூடியது. கண்காணிப்பாளர், மருத்துவர், நான். குருவையாவை அழைத்து வந்தார்கள். வந்தவர் நேராக என் முன்னால் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“தாயி, உங்களக் கொன்னுபோடுவேன்.”

“தப்பா நினைச்சுக்கிடாதீக” என்று சேர்த்துக்கொண்டார்.

வேதமாணிக்கம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். “மேடம், கொலை மிரட்டல் பத்து மார்க். அம்பத்தஞ்சு. விட்ருங்க, அவன் அங்கயே இருந்துட்டுப் போறான்” என்றார்.

நான் விடவில்லை. மிரட்டல் என்றால் அதில் மிரட்டும் நோக்கம் இருக்க வேண்டும். மன்னிப்போடு சேர்ந்து வரும் மிரட்டலுக்கு முழு மதிப்பெண் இட்டால் மெய்யாகவே மிரட்டுபவருக்கு என்ன இடுவது? முயற்சிக்கு மட்டும் மூன்று இட்டேன். நாற்பத்தெட்டு. இரண்டு மதிப்பெண் குறைவு. குருவையா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானதுதான்; ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கிய மாணவியர் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

“ரெண்டு மார்க்குத்தானே தாயி” என்றார்.

“இரண்டும் மதிப்பெண்தான்” என்றேன்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, துவைக்கும் வேளை தொடங்குவதற்குள், அவரைப் பொதுத் தொகுதிக்கு மாற்றினார்கள். பாயையும் தட்டையும் எடுத்துக்கொண்டு போகையில் பதினான்காம் அறையின் பின்சுவரை உள்ளங்கையால் ஒரு முறை அறைந்துவிட்டுப் போனாராம். ஆத்திரம் என்று நினைக்கிறேன்.

செவிலியர் வருகிறார் போலிருக்கிறது. ஆம், இன்னொரு சொட்டு. தலையைச் சாயுங்கள். எரியும், ஒன்றும் ஆகாது. மூடிக்கொள்ளுங்கள்.

இனி பெண்கள் சிறை. அங்கும் எனக்குப் பார்வைப் பொறுப்பு உண்டு. குருவையா மாறிய மறு வாரம் சென்றபோது சீனியம்மாளைப் பார்த்தேன். துவைகல் முன் சும்மா நின்றிருந்தார். போர்வையை ஓங்கி ஓர் அடி அடிப்பார், நின்று கேட்பார், மறுபடி ஓர் அடி. மேற்பார்வை செய்யும் பெண் காவலர் அலுத்துக்கொண்டார்: “பத்து நாளா இவளுக்கு என்ன கேடுன்னு தெரியலம்மா. பாட்டுப் பாடுற மாதிரி துவைப்பா. இப்ப ஒரு போர்வைக்கு ஒரு மணி நேரம் ஆக்குறா.” அந்த அம்மையார் ஆறு ஆண்டுகளாகத் துவைக்கும் பணியிலேயே இருப்பவர். தையல் பிரிவு கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். சமையல் கொடுத்தார்கள், அதுவும் வேண்டாம் என்றார். மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருந்தன. எனக்கு மனம் பொறுக்கவில்லை. கை ஓய்ந்துபோய்விட்டது என்று புரிந்துகொண்டேன். அன்று மாலையே என் பழைய மாணவியர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன்: பெண்கள் சிறைக்கு ஒரு சலவை இயந்திரம் வேண்டும், பெரியதாக, நல்லதாக.

அது வருவதற்குள் இந்தப் பக்கம் அந்த நிகழ்ச்சி நடந்துவிட்டது.

புரட்டாசி. காந்தி ஜெயந்திக்குப் பெரியவர்கள் வருவார்கள் என்பதால் சிறை முழுவதும் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். பிற்பகல் மூன்று இருபது. அபாயச் சங்கு ஊதியது. எல்லாத் தொகுதிகளிலும் தலை எண்ணினார்கள். பொதுத் தொகுதியில் ஒருவர் குறைவு. அது இயல்பு, அதற்குத்தான் சங்கு. ஆனால் உயர் பாதுகாப்புத் தொகுதியில் ஒருவர் அதிகம். சிறை கட்டிய நாள்முதல் எங்கும் ஒருவர் அதிகமாக இருந்ததில்லை. பதிவேட்டில் ‘குறைவு’ என்ற பத்தி உண்டு. ‘அதிகம்’ என்ற பத்தியே கிடையாது.

குருவையா! வெள்ளையடிக்கும் ஏணியை எடுத்து உள்மதிலில் சாய்த்து ஏறி, பதினைந்தடி உயரத்திலிருந்து உயர் பாதுகாப்புத் தொகுதிக்குள் குதித்துவிட்டார். கணுக்கால் பிசகிவிட்டது. நொண்டிக்கொண்டே போய், பூட்டிக் கிடந்த பதினான்காம் அறைக்குச் சற்றுத் தள்ளி, பெண்கள் சிறையை ஒட்டிய சுவரோரமாகக் குந்தியிருந்தார். கையில் ஒரு செங்கல் துண்டு. அதனால் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். முதலில் கண்டவர் பால்துரை.

“ஏலே, வெளிய போறதுக்கு மதிலேறுனவன நூறு பேரப் பாத்திருக்கேன். உள்ள வர்றதுக்கு ஏறிக் குதிச்சவன் நீ ஒருத்தந்தாம்லே!”

“ஏட்டையா, ஒரு அஞ்சு நிமிசம். அந்தப் பக்கம் பதில் வருது.”

பால்துரை என்ன செய்தார் தெரியுமா? ஐந்து நிமிடம் கழித்துத்தான் விசிலடித்தார். சங்கு ஊதிய பிறகு, அத்தனை பேரும் அங்குமிங்கும் ஓடும்போது! விசாரணையில் அதை அவரே ஒப்புக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, “அம்மா, எனக்கும் கல்யாணம் ஆயிருக்கு” என்றார். வினாவுக்கும் விடைக்கும் தொடர்பே இல்லை. அப்படியே பதிவு செய்தேன்.

வேதமாணிக்கம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “தப்பிக்கப் பார்த்தவனுக்கு என்ன தண்டனை? ஹை செக்யூரிட்டி. இவன் கேட்டதே அதுதானே மேடம்!” நானோ அமைதியாக இருந்தேன். அட்டவணை இருக்கும்போது கலக்கம் எதற்கு? மதிலேற்றம் முப்பது. நாற்பத்தெட்டோடு கூட்டினால் எழுபத்தெட்டு. தொகுதியிலேயே மிக உயர்ந்த மதிப்பெண். கள்ளநோட்டு வழக்கில் வந்து, துப்பாக்கியோடு பிடிபட்டவர்கூட எழுபத்தொன்றுதான். ஆறே வாரத்தில் ஒருவரின் உண்மையான இயல்பை வெளிக்கொணர்ந்துவிட்டது என் அட்டவணை. முப்பத்தைந்து என்று முதலில் மயங்கியவள் நான், அட்டவணை மயங்கவில்லை. அவரைப் பதினான்காம் அறையில் மீண்டும் அடைத்தார்கள். தண்டனைக் குறைப்பு நாட்களில் தொண்ணூறு நாள் வெட்டு. உத்தரவை வாசித்துக் காட்டியபோது குருவையா, “தொண்ணூறுதானா தாயி? குடுத்துருதேன்” என்றார், கடைக்காரர் விலை சொன்னதைப் போல.

பிறகு ஆயுத பூஜை. சலவை இயந்திரத்தை அன்றே தொடங்கி வைத்தோம். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பொரி. மாணவியர் சங்கத் தலைவி சிறு உரை ஆற்றினார். முழுத் தானியங்கி. ஓடுவதே தெரியாது, ஓசையே எழாது என்று கடைக்காரர் பத்து முறை சொல்லி விற்றிருந்தார், உண்மைதான். கையை வைத்துப் பார்த்தால்தான் ஓடுகிறதா என்றே தெரியும். துவைகல்லுக்குத் தண்ணீர் விடும் குழாயை அன்றே அடைத்துவிட்டார்கள்.

சீனியம்மாள் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார். “அடிக்கிறது எது தாயி?” என்று கேட்டார். எதுவும் அடிக்காது, உள்ளே சுழலும், அவ்வளவுதான், இனி உங்கள் கைக்கு ஓய்வு என்றேன். “ஓய்வு யாரு கேட்டா?” என்றார். கல்வி வாய்ப்பற்றவர்களுக்கு வசதி பழக நாளாகும். நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் பிற்பகல், மூன்றே முக்கால் மணி. பெண்கள் சிறையிலிருந்து இடி விழுந்தாற்போல் ஓசை. ஒரு நிமிடம் நீடித்ததாம். பிறகு புகை. ஓடிப் போய்ப் பார்த்தால், துவைகல்லின் ஓரம் உடைந்த துண்டு ஒன்று, தேங்காய்ப் பருமன், இயந்திரத்துக்குள் கிடக்கிறது.

மறுநாள் விசாரணை. சீனியம்மாள் மறைக்கவே இல்லை.

“நாந்தான் தாயி போட்டேன்.”

“ஏன்?”

“நாலு நாளாச்சு. சத்தமே வரல அதுல. ஒரு கல்லப் போட்டா வருமான்னு பாத்தேன்.”

“சத்தம் வராததுதானே அம்மா அதன் சிறப்பு!”

“ஒங்களுக்குச் சிறப்பு” என்றார்.

“உங்களுக்கும் தொண்ணூறு நாள் வெட்டு விழும். பழுது நீக்கும் செலவும் கூலியிலிருந்து போகும். தெரியுமா?”

“அவருக்குத் தொண்ணூறுன்னு மேட்ரன் அம்மா சொன்னாக. எனக்கும் தொண்ணூறா?” என்று கேட்டு, சற்று யோசித்தார். “அப்ப சரியாத்தான் இருக்கு. எழுதிக்கிடுங்க” என்றார்.

அன்றே துவைகல் குழாயைத் திறந்துவிட்டார்கள். வேறு வழி? போர்வை மலைபோல் குவிந்து கிடந்தது.

இதில் எனக்கு இன்றுவரை விடை கிடைக்காத ஒன்று உண்டு. இயந்திரம் ஓடிய நான்கு நாட்களும் குருவையா உணவைத் தொடவில்லை. ஆயுத பூஜைப் பொரிகூட அப்படியே இருந்தது. மருத்துவர் வந்து பார்த்தார், நோய் எதுவுமில்லை. ஐந்தாம் நாள் மூன்றே முக்காலுக்கு அந்த இடி ஓசை கேட்டதும் மனிதர் எழுந்து உட்கார்ந்து சிரித்தாராம். பால்துரையைக் கூப்பிட்டு, “ஏட்டையா, மிஷின் போச்சு. சோறு இருந்தாக் கொண்டாங்க” என்றாராம். இயந்திரம் பழுதான செய்தி பெண்கள் சிறையிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்ததே நாலே காலுக்குத்தான்! தொலைபேசி இல்லாத, செய்தித்தாள் இல்லாத, இரட்டைப் பூட்டுப் போட்ட அறைக்குள் தகவல் எப்படிக் கசிந்தது? பாதுகாப்புக் குறைபாடு என்று சிவப்பு மையில் எழுதினேன். கணவனுக்கும் மனைவிக்கும் இரகசியத் தொடர்பு இருக்கக்கூடுமோ என்று மனுப் பதிவேட்டையும் புரட்டினேன். அந்த மாதம் மனு ரத்து. அதற்கு முந்தைய மாதம் பேசியது மூன்றே சொற்கள். ஆகவே அந்த ஐயத்துக்கு இடமில்லை.

ஏன், என்ன? கண்ணைத் திறந்துவிட்டீர்களா? எனக்கு உருவம் கலங்கலாகத்தான் தெரிகிறது. ஆயினும் நீங்கள் சிரிப்பது தெரிகிறது. என்ன கேட்டீர்கள்? அந்தச் சுவர் எவ்வளவு கனமா? ஒன்றரை அடி. செங்கல். ஓசை நன்றாகவே கேட்கும். நான்தான் முதலிலேயே சொன்னேனே, மூன்று அடி, ஓர் இடைவெளி, இரண்டு அடி என்று.

ம்.

சிரிப்பதை நிறுத்துங்கள். கண்ணுக்கு ஆகாது.

செவிலியர் என் பெயரைக் கூப்பிடுகிறார். ஒரு நிமிடம் இருக்கட்டும். தொடங்கியதை முடிக்காமல் எழுந்து எனக்குப் பழக்கமில்லை. பால்துரைக்கு ஓராண்டு ஊதிய உயர்வு நின்றது. மறு ஆடியில் திரும்பக் கிடைத்தது. பழுது நீக்கிய செலவு ஐயாயிரத்து இருநூறு ரூபாய். சீனியம்மாளின் சலவைக் கூலியில் கார்த்திகை முதல் பங்குனி வரை மாதம் அறுநூற்று நாற்பது வீதம் பிடித்தார்கள், மூவாயிரத்து இருநூறு. மீதி இரண்டாயிரத்தைக் குருவையா, உறை ஒட்டிச் சேர்த்த தம் கூலியிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி தாமே மனு எழுதி, மாசி பதினேழில் ஒரே தவணையாகக் கட்டினார். பழுது நீங்கிய இயந்திரம் சிறை மருத்துவமனைக்குப் போய்விட்டது. தொண்ணூறு நாளை இருவரும் தனித்தனியே கழித்து, மூன்றாண்டு கழித்துத் தை மாதம், ஒரே காலையில், ஒரே வாசல் வழியாக வெளியே போனார்கள்.

என் பங்கு ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். துண்டு பெயர்ந்த துவைகல்லுக்குப் பதிலாகப் புதுக்கல், எண்ணூற்று ஐம்பது ரூபாய், வண்டிக் கூலி நூற்றிருபது. அந்தப் பங்குனி முடிந்த மறு வாரம், சித்திரை மூன்றாம் நாள் நான் கொடுத்தேன். இரசீது இருக்கிறது. கல்லை எங்கே இறக்குவது என்று வண்டிக்காரர் கேட்டார். தண்ணீர் வடிவதற்கு வசதியாக, சுவரை ஒட்டியே போடச் சொன்னேன்.